காற்றுக்கு ஓடியவள்

நெடுந்தீவில் தரை ஆடியதாக எவரும் சொல்லக் கேட்டதில்லை. எங்கள் தரை முழுக்கக் கல். முழங்கால் ஆழம் தோண்டுவதற்குள் இரும்பு அலவாங்கு திருப்பி அடித்துக் கையை உதற வைக்கும். அப்படிப்பட்ட மண்ணில் பிறந்தவனிடம் போய், பூமி ஆடும், பிளக்கும், வீட்டோடு ஆளை விழுத்தும் என்று சொன்னால், கள்ளுக் கூடிவிட்டதா என்றுதான் கேட்பான். எங்களுக்கு இருந்த பயம் காற்று ஒன்றுதான்.

நேசம்மா சிறுமியாக இருந்தபோது வந்த காற்றைப் பெரிய காற்று என்று ஊரில் சொல்வார்கள். அன்று அவளுடைய தாயும் தகப்பனும் கூரை பறந்துவிடாமல் அதைத் தாங்கும் வளையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நின்றார்கள். பனை ஒன்று முறிந்து வீட்டின்மேல் விழுந்தது. நேசம்மா மட்டும் பயத்தில் கண்மண் தெரியாமல் ஓடி, வேதக்கோயிலுக்குள் புகுந்து, பீடத்தின் அருகில் குப்புறக் கிடந்தாள். கோயில் சுவர் கடலில் எடுத்த முருகைக் கல்லில் கட்டியது. ஒரு முழத்துக்கு மேல் தடிப்பு. அதற்குள் ஓடியவர்களுக்கு ஒரு கீறல்கூடப் படவில்லை. ஓலைக்குள் இருந்தவர்களைத்தான் மறுநாள் புதைக்கச் சேமக்காலைக்குக் கொண்டுபோனார்கள்.

அந்தச் சிறுமி வளர்ந்து, கலியாணம் முடித்து, ஒரு மகளைப் பெற்று, புருசனைக் காய்ச்சலுக்குக் கொடுத்த பிறகும் அந்தக் காற்றை விடவில்லை. ஐப்பசி பிறந்ததும் அயலிலுள்ள பிள்ளைகளைத் தன் வளவுக்குள் சேர்த்துவிடுவாள். "சத்தம் கேட்டால் திரும்பிப் பாக்கக்கூடாது. சோறு அடுப்பிலை கிடந்தால் கிடக்கட்டும். கைக்குழந்தை இருந்தால் தூக்கு. மரத்துக்குக் கீழை நில்லாதை. ஓலைக்குள்ளை இராதை. கல்லுக்குள்ளை ஓடு" என்பாள். பிறகு கையைத் தட்டுவாள். பிள்ளைகள் கோயிலை நோக்கி ஓடவேண்டும். பிந்தி வந்தவனுக்குக் காதில் ஒரு திருகு. காற்றுக்கு ஓடுவது என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. தாய்மார் சிரிப்பார்கள். ஆனாலும் பிள்ளைகளை அனுப்பாமல் விடமாட்டார்கள்.

எல்லோருக்கும் முன்னால் கோயில் வாசலைத் தொடுவது நேசம்மாவின் ஒரே மகள் மதலேனாதான். மற்றப் பிள்ளைகளுக்கு ஐப்பசியில் மட்டும் ஓட்டம். அவளுக்கு ஆண்டு முழுவதும். கிணற்றடியில், மாட்டுப்பட்டியில், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என்று எங்கேயும் தாய் திடீரெனக் கையைத் தட்டுவாள். மகள் பிடித்ததை அப்படியே போட்டுவிட்டு ஓடுவாள். நேசம்மா அதைப் பார்த்துப் பெருமைப்படுவாள். பெற்ற பிள்ளையின் உயிரைக் காப்பாற்றப் பழக்குகிறேன் என்று நினைத்தவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

மதலேனாவை இன்னாசித்தம்பி கட்டினான். அவனும் நெடுந்தீவான்தான். ஆனால் பர்மாவில், பெகு என்ற ஊரில், ஓர் அரிசி ஆலையில் இயந்திரங்களுக்கு எண்ணெய் விடும் வேலை பார்த்தான். கலியாணம் முடிந்த கையோடு பெண்ணையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அங்கே ஒரு பெண்பிள்ளை பிறந்தது. ஜசிந்தா என்று பெயர் வைத்தார்கள். நேசம்மா அந்தப் பேத்தியின் முகத்தை ஒருநாளும் காணவில்லை.

அங்கிருந்தும் இங்கிருந்தும் செய்தியெல்லாம் கந்தப்பு மூலம்தான். கந்தப்பு ஊர்காவற்றுறைப் பாய்க்கப்பல் ஒன்றை ஓட்டும் தண்டையல். தென்மேற்கிலிருந்து வரும் சோழகக் காற்றோடு ரங்கூனுக்குப் போய், சரக்கு ஏற்றி, வடகிழக்கு வாடைக் காற்றோடு திரும்பி வருவான். ரங்கூனில் நிற்கும்போது ரயில் ஏறிப் பெகுவுக்குப் போய் அவர்களைப் பார்த்துவிட்டு வருவது அவனுக்கு வழக்கம். ஒருமுறை அவன் நேசம்மாவிடம், "பிள்ளை சுகமாய் இருக்கிறாள் அக்கா. மூங்கில் வீடு, காலிலை தூக்கிக் கட்டினது. காத்தோட்டமாய்க் கிடக்கு" என்றான்.

நேசம்மா அவன் பக்கம் திரும்பினாள். "மூங்கிலோ? காத்து வந்தால் என்ன செய்வாள்? பக்கத்திலை கல்லுக் கட்டடம் ஒண்டும் இல்லையோ?"

"வீட்டுக்கு முன்னாலை ஒழுங்கைக்கு அங்காலை ஆலைக்காரற்றை கிட்டங்கி கிடக்கு, நெல்லு மூட்டை அடுக்கிறது. செங்கல். பெரிய சுவர்."

"அப்ப நல்லம். அடுத்த முறை போனால் அவளுக்குச் சொல்லு கந்தப்பு, ஏதும் சத்தம் கேட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்தக் கிட்டங்கிக்குள்ளை ஓடட்டும். நான் சொன்னனான் எண்டு சொல்லு."

கந்தப்பு போய்ச் சொன்னான். மதலேனா, "அம்மா இன்னும் காத்தை விடேல்லையோ?" என்று சிரித்தாளாம்.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதாம் ஆண்டு, சித்திரை மாதத்தில், ஒரு நாள் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் பெகுவில் பூமி அதிர்ந்தது. இன்னாசித்தம்பி ஆலையில் நின்றான். முதலில் ஓர் இரைச்சல் கேட்டது. பிறகு காலுக்குக் கீழே நிலம் போயிற்று. எழும்ப எழும்ப விழுந்தான். கொதிநீர்க் குழாய் வெடித்து முன்கை வெந்தது. அது அவனுக்கு அப்போது தெரியவில்லை. ஆலையின் புகைபோக்கி முறிந்து முற்றத்தில் கிடந்தது. அவன் வீட்டை நினைத்து ஓடினான். வழியெல்லாம் வீடுகள் தெருவில் விழுந்து கிடந்தன. நகரின் நடுவில் அடுப்பு நெருப்புப் பற்றி எரியத் தொடங்கியிருந்தது. இடிந்தது பாதி, எரிந்தது மீதி என்று ஆன ஊர் அது. பெரிய பகோடாவின் தலையும் அன்று கீழே வந்துவிட்டது.

அவனுடைய வீடு நின்றது. ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, அவ்வளவுதான். உள்ளே விளக்கு விழுந்து அணைந்திருந்தது. அடுப்பில் சோறு கிடந்தது. இன்னாசித்தம்பி அந்தச் சோற்றைக் கண்டதும் தப்பிவிட்டார்கள் என்று நினைத்து, யேசுவே நன்றி என்று வாய்விட்டுச் சொன்னான். அந்த நன்றியைப் பிறகு அவன் எத்தனையோ முறை நினைத்து நினைத்து வெந்தான்.

பக்கத்து வீட்டுப் பர்மாக்காரி தன் பிள்ளைகளோடு தெருவின் நடுவில் இருந்தாள். அவனைக் கண்டதும் தலையில் அடித்துக்கொண்டு ஒழுங்கைக்கு அப்பால் கையைக் காட்டினாள். கிட்டங்கி இருந்த இடத்தில் செங்கற் குவியல் கிடந்தது. தான் மதலேனாவின் கையைப் பிடித்து வெளிக்கு இழுத்ததாகவும், அவள் உதறிவிட்டுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அதற்குள் ஓடியதாகவும், ஓடும்போது ஒரு சொல்லையே திரும்பத் திரும்பக் கத்தியதாகவும் சொன்னாள். அந்தச் சொல்லின் பொருள் அவளுக்குத் தெரியாது. கேட்ட ஒலியை அப்படியே சொல்லிக் காட்டினாள். "காத்து, காத்து."

இன்னாசித்தம்பிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கையால் செங்கல்லை அள்ளி எறிந்தான். ஆட்கள் வந்து அவனைப் பிடித்து இழுக்கும்வரை எறிந்துகொண்டிருந்தான். தாயையும் பிள்ளையையும் பிறகு எடுத்து அங்கேயே அடக்கம் செய்தார்கள்.

நெடுந்தீவுக்குத் தந்திதான் வந்தது. பங்குச் சுவாமியார் வாசித்துச் சொன்னார். இருவரும் பூமியதிர்ச்சியில் இறந்துபோனார்கள் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. கோயிலின் நடுவில் வெறும் பெட்டியை வைத்து, கறுப்புத் துணி போர்த்திப் பூசை வைத்தார்கள். நேசம்மா அந்த வெறும் பெட்டியைக் கட்டிப்பிடித்து அழுதாள். அவளைத் தூக்க நாலு பெண்கள் வேண்டியிருந்தது.

அவ்வாண்டும் கந்தப்பு சோழகத்தோடு ரங்கூன் போனான். இன்னாசித்தம்பியை வாடையோடு கூட்டிக்கொண்டு வந்தான். வரும் வழியில், கப்பலின் முன்னணியத்தில் இருந்தபடி, இன்னாசித்தம்பி நடந்ததைச் சொன்னான். கந்தப்பு கேட்டுக்கொண்டே தளர்ந்திருந்த பாய்க்கயிற்றை இழுத்துக் கட்டினான். கிட்டங்கிக்குள் ஓடச் சொல் என்ற செய்தியைக் கொண்டுபோனவன் அவன்தானே.

"அக்காவுக்கு என்னெண்டு சொல்லப்போறாய், தம்பி?" என்று கடைசியில் கேட்டான்.

"சொல்லேலாது, அண்ணை. சொன்னால் அந்த மனிசி செத்துப்போம். தன்ரை வாயாலைதான் பிள்ளை செத்தது எண்டு தெரிஞ்சால் ஒருநாள் இருக்காது. நான்தான் அவளைக் கிட்டங்கிக்குள்ளை கூப்பிட்டனான் எண்டு சொல்லப்போறன்."

"ஊர் உன்னைத் தின்னுமடா."

"தின்னட்டும். எனக்கு இனி ஆர் இருக்கினம்?"

கந்தப்பு வாயைத் திறப்பதில்லை என்று சத்தியம் செய்தான். அந்தச் சத்தியத்தை அவன் காப்பாற்றினான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் சனத்துக்குச் செத்தவர்களைப் பற்றித் துருவித் துருவிக் கேட்பதில் வெட்கமே கிடையாது. இன்னாசித்தம்பி வந்து இறங்கிய அன்றே நேசம்மாவின் வளவு நிரம்பிவிட்டது. பூமி எப்படி ஆடியது, கிணற்றுத் தண்ணீர் வெளியில் சிந்தியதா, மாடுகள் என்ன செய்தன என்று ஆளுக்கு ஒரு கேள்வி. அவன் ஒவ்வொன்றுக்கும் குனிந்த தலை நிமிராமல் பதில் சொன்னான்.

"முதல் என்ன கேட்டது தம்பி, இடிமாதிரியோ?" என்றாள் அயல்வீட்டுப் பரிமளம்.

"இல்லையக்கா. காத்து மாதிரி. ஐப்பசிக் காத்து இரைஞ்சுகொண்டு வாற மாதிரித்தான் கேட்டது."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தான். நேசம்மா மூலையில் இருந்தாள். அவள் முகம் வெளிறிப்போனதை அவன் கண்டான்.

"எங்கை செத்தவள்?" என்று அவள் கேட்டாள். அதுவரை அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"கிட்டங்கிக்குள்ளை, மாமி. நான்தான் கூப்பிட்டனான். அவள் வரமாட்டன் எண்டு வீட்டிலைதான் நிண்டவள். நான்தான் வா வா எண்டு கத்தினனான்." மூச்சு விடாமல் சொல்லி முடித்தான். "நான் வாசலிலை நிண்டனான். அவையள் உள்ளுக்கு. அதுதான் நான் தப்பினது."

நேசம்மா எழும்பி வந்தாள். அவன் முகத்துக்கு நேரே கையை நீட்டி, "உன்ரை கண்ணுக்கு முன்னாலை என்ரை பிள்ளையைப் புதைச்சுப்போட்டு, உயிரோடை என்னெண்டு வந்தாய்? இனி இந்த வாசல் படலையைத் திறக்காதை" என்றாள். அதுவரை மருமகனை அவள் நீர் என்றே பேசியவள்.

அன்றிலிருந்து அவன் தமையனுடைய மாட்டுக்கொட்டிலின் அருகில் ஒரு குடிலில் இருந்தான். மாடு பார்த்தான். ஞாயிறு தோறும் பூசை முடிந்து வரும்போது நேசம்மா கோயில் முற்றத்தில் நின்று எல்லோரும் கேட்க அவனை ஏசுவாள். பெண்சாதியையும் பிள்ளையையும் சாகவிட்டு வாசலில் நின்று பார்த்தவன் என்று ஊர் அவனுக்குப் பெயர் வைத்தது. கிணற்றடிக்கு அவன் வந்தால் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகினார்கள். தன் மதலேனாவுக்காக, தன் ஜசிந்தாவுக்காக நாலு பேருக்கு முன்னால் அழக்கூட அவனுக்கு உரிமை இல்லாமல் போயிற்று. அழுதால், இப்போது அழுது என்ன பயன் என்பார்கள். அந்தப் பிள்ளைக்குப் பல் முளைத்த கதையையோ, கோழியைக் கண்டால் கைகொட்டிச் சிரித்த கதையையோ அவன் வாயிலிருந்து கேட்க இந்தத் தீவில் ஒருவரும் இல்லை. இந்த அநியாயத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. ஆனால் அவன் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. மாமி திட்டுகிறாள் என்றால் மாமி உயிரோடு இருக்கிறாள் என்றுதான் அவன் கணக்கு.

அடுத்த ஐப்பசி வந்தது. வழக்கம்போலப் பரிமளம் தன் பிள்ளைகள் இரண்டையும் நேசம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனாள். நேசம்மா முற்றத்தில் ஓலை கிழித்துக்கொண்டிருந்தாள்.

"இந்த ரெண்டுக்கும் ஒருக்கா ஓடக் காட்டிவிடுங்கோ, மாமி. வானம் கறுக்குது."

"எனக்கு ஏலாது."

"கையை மட்டும் தட்டிவிடுங்கோவன். கோயில் அங்கைதானே கிடக்கு."

நேசம்மா ஓலையை எறிந்துவிட்டு எழும்பினாள். "கோயில் விழாது எண்டு உனக்கு ஆர் சொன்னது?" என்று கத்தினாள். "கல்லு ஆளைக் கொல்லாது எண்டு ஆர் சொன்னது? நான் சொன்னனானோ? போ, பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போ!"

பரிமளம் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓடிவந்து, நேசம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று எல்லோருக்கும் சொன்னாள். கோயில் விழும் என்கிறாள், என்ன காலமடா இது என்றாள். இன்னாசித்தம்பி சற்றுத் தள்ளி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு நின்றான். கேட்டதும் வாளி கிணற்றுக்குள் விழுந்தது. மாட்டை அவிழ்த்தபடி விட்டுவிட்டு நேசம்மாவின் வளவுக்கு ஓடினான்.

படலையடியில் நின்றான். திறக்கவில்லை.

"வாரும்" என்றாள் நேசம்மா. முற்றத்தில் ஓலைக் குவியலின் நடுவில் அவள் தனியே இருந்தாள்.

அவன் உள்ளே வந்து நின்றபடியே சொல்லத் தொடங்கினான். "மாமி, ஆக்கள் என்னவோ கதைக்கினம். நீங்கள் ஒண்டையும் மனதிலை வைக்காதையுங்கோ. நடந்தது நான் சொன்னதுதான். அவள் வீட்டிலைதான் நிண்டவள். நான் கையிலை பிடிச்சு…"

"உமக்கு அந்தக் கை எப்பிடி வெந்தது?"

அவன் முன்கையை மடித்து மறைத்தான்.

"கொதிதண்ணி பட்ட தழும்பு அது. ஆலையிலை வெந்தது. நீர் ஆலையிலை நிண்டனீர். கிட்டங்கி வாசலிலை கொதிதண்ணி எங்காலை வாறது?" நேசம்மாவின் குரலில் கோபம் இல்லை. "அதுகூட வேண்டாம், தம்பி. சத்தம் காத்து மாதிரிக் கேட்டது எண்டு நீர் சொன்ன உடனையே எனக்கு விளங்கிப்போச்சு. அடுப்பிலை சோத்தை விட்டிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பாராமல் ஓடியிருப்பாள். நான் அப்பிடித்தானே பழக்கினனான். என்ரை பிள்ளை ஒருநாளும் பிந்தி ஓடாது."

இன்னாசித்தம்பி மண்ணில் இருந்துவிட்டான். இத்தனை மாதமும் எதைக் காக்க ஊரின் வசையெல்லாம் வாங்கினானோ, அது முதல் நாளே போயிருந்தது. முதன்முறையாக அவனுக்குக் கோபம் வந்தது.

"தெரிஞ்சுகொண்டோ, மாமி, என்னை ஊருக்கு முன்னாலை இந்தப் பாடுபடுத்தினீங்கள்? எனக்கும் அவள் பெண்சாதிதானே. அந்தப் பிள்ளை என்ரை பிள்ளைதானே. ஒருநாள் ஒருத்தரும் என்னை ஆறுதலாய் ஒரு சொல்லுக் கேக்கேல்லை."

"ஓம். தெரிஞ்சுகொண்டுதான் ஏசினனான்." நேசம்மா கிழித்த ஓலையொன்றை எடுத்து விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள். "உம்மை ஏசுற நேரம் மட்டும்தான் எனக்கு மூச்சு வாறது, தம்பி. அந்த நேரம் மட்டும் நீர் சொன்னதை நம்புவன். வீட்டை வந்து கதவைச் சாத்தினால் கை தட்டுற சத்தம் கேக்கும். என்ரை கைதான். அவள் ஓடுறாள். நான் சிரிச்சுக்கொண்டு பாக்கிறன்."

வெளியில் பனைகள் இரையத் தொடங்கின. இருவரும் கேட்டார்கள், எழும்பவில்லை.

"நான் போய்ச் சுவாமியாரிட்டை உண்மையைச் சொல்லிவிடட்டோ?" என்று அவள் கேட்டாள். "சொன்னால் ஊர் உம்மை விட்டிடும். அது நியாயம். எனக்குத் தெரியும். ஆனால் பிறகு இந்தத் தீவிலை எந்தத் தாயின்ரை முகத்திலை நான் முழிக்கிறது?"

இன்னாசித்தம்பி அவளைப் பார்த்தான். அவள் வயது அவ்வளவு அல்ல. ஆனால் அந்த முகத்தில் இனி வாழ்வதற்கென்று ஒன்றும் மிச்சமில்லை. மதலேனாவுக்கும் அதே நெற்றி, அதே புருவம். அவனுடைய கோபம் வந்த வழியே போய்விட்டது.

"சொல்லாதையுங்கோ, மாமி" என்றான்.

"அப்ப நான் கண்மூடுமட்டும் நீர் அதைத்தான் சொல்லவேணும். ஊருக்கு மட்டும் இல்லை. எனக்கும்."

"ஓம், மாமி."

"இப்ப ஒருக்காச் சொல்லும்."

"நான்தான் கூப்பிட்டனான், மாமி. அவள் வரமாட்டன் எண்டு நிண்டவள். அம்மா சொன்னது காத்துக்கு, இது காத்தில்லை எண்டு சொன்னவள். நான்தான் பிடிச்சு இழுத்துக்கொண்டுபோய் உள்ளுக்கு விட்டனான்."

நேசம்மா அவனுடைய வெந்த கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். "பாவி" என்றாள், "என்ரை பிள்ளையைக் கொன்றுபோட்டியே, பாவி" என்று அந்தக் கையை விடாமல் அழுதாள்.